ஆரல்வாய்மொழியில் காத்து இல்லாத மூணு வருஷம்

தம்பி, தப்பா நெனைக்காதிய. அந்த சன்னல் பக்கம் நீங்க உக்காந்துக்கிடுதியளா? எனக்கு இந்த எதுத்த காத்து ஆகாது. ஷட்டரப் பாருங்க, பாதியில நிக்கி, கீழ எறங்க மாட்டேங்கு. கவர்மெண்டு பஸ்ஸு, வேற என்ன சொல்ல. ஆங், அப்படித்தான். பைய நான் மடியிலயே வச்சுக்கிடுதேன். மேல வேண்டாம், உள்ள ஒரு சாமான் இருக்கு, நசுங்கிரும்.

எங்க போறிய? ஆரல்வாய்மொழியா? நானும் அங்கதான். காத்தாடிக் கம்பெனியில வேலையா? சரிதான். காத்துல கரண்டு எடுக்குத காலம் வந்துட்டு. எங்க காலத்துல அந்தக் காத்த நாங்க சட்டையே பண்ணினது இல்ல.

என்னய உங்களுக்குத் தெரியாது. எப்படித் தெரியும், நீங்க அப்பம் பொறந்திருக்கவே மாட்டிய. ஊருக்குப் போனா உங்க அப்பாட்ட கேளுங்க, குத்தாலிங்கம்னு ஒரு சைக்கிள் பந்தயக்காரன் இருந்தானான்னு. கோவில்பட்டியா உங்களுக்கு? அப்பம் கண்டிப்பாத் தெரிஞ்சிருக்கும். பூதலிங்கம் சைக்கிள் கம்பெனி காலண்டர் கோவில்பட்டி தாண்டியும் போச்சு. சலூன் கடை, மளிகைக் கடை, எங்க பாத்தாலும் கழுத்துல மாலையும் கையில கப்புமா நான்தான் நிப்பேன்.

அதுதான் எனக்கு உத்தியோகம். சிரிக்காதிய. சைக்கிள் மிதிக்கதுக்கு மாசச் சம்பளம். ரிப்பேர் பாக்கது இல்ல, விக்கது இல்ல, மிதிக்கது மட்டும்தான். எனக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல, "மாப்பிள்ள என்ன தபால்காரரா?"ன்னு கேட்டாங்க. எங்க மாமா, "அதவிட வேகமாப் போவான், ஆனா லெட்டர் கொண்டு போக மாட்டான்"னாரு. அந்தச் சம்மந்தம் அதோட போச்சு.

கன்னியாகுமரி நம்ம கூட வந்து சேந்த மறு வருஷம், அம்பத்தேழு ஆடியில, பூதலிங்கம் முதலாளி பந்தயத்த ஆரம்பிச்சாரு. திருநெல்வேலி ஜங்ஷன்ல கொடி அசைச்சா நாகர்கோவில் வடசேரியில போய் நிக்கணும். அம்பது மைல். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, ஆரல்வாய்மொழி. இப்பம் நாம போறோமே, இதே ரோடுதான். அப்பம் இவ்வளவு அகலம் கெடையாது, ரெண்டு பக்கமும் புளியமரம்.

கம்பெனிக்குன்னு முதலாளி ரெண்டு பேர எடுத்தாரு. ஒண்ணு நான். இன்னொண்ணு சவரிமுத்து. அவன் ஊரே ஆரல்வாய்மொழிதான். ஆளு கருங்காலிக் கட்ட மாதிரி இருப்பான், மொகமெல்லாம் அம்மைத் தழும்பு, வாயத் தொறந்து நாலு வார்த்த பேச மாட்டான். நம்ம அப்படி இல்ல. சுருட்ட முடி, அரும்பு மீச, ட்ரௌசரப் போட்டுக்கிட்டு ஜங்ஷன்ல நின்னா பஸ்ஸுக்கு நிக்கவங்க திரும்பிப் பாப்பாங்க. முதலாளி என்னய மொதமொதல்ல பாத்த ஒடனே சொன்னாரு, "எலேய், காலண்டருக்குன்னே அளவெடுத்த மொகம்லா இது." ஓட்டச் சொல்லிப் பாக்கக்கூட இல்ல. பாத்த மாத்திரத்துலயே ஆள எட போடுத கண்ணு அவருக்கு.

ஆனா அந்த மனுசன்ட்டயும் ஒரு கொற உண்டு. காலையில எனக்கு ரெண்டு முட்ட, சவரிக்கு நாலு. ஒரே கம்பெனி, ஒரே ரோடு, ஒரே சைக்கிளு. ஜெயிக்கவனுக்கு ரெண்டு, தோக்கவனுக்கு நாலா? கேட்டேன். "அவனுக்கு வேல சாஸ்தி"ன்னாரு. என்ன வேலங்கேன்? அம்பது மைல்னா எனக்கும் அம்பது, அவனுக்கும் அம்பது. கெடக்கட்டும், முட்டையில என்ன இருக்கு.

விஷயம் என்னன்னா, சவரி என்னய மறிப்பான்.

மறிக்கதுன்னா எப்படின்னு கேக்கிய. சொல்லுதேன். கொடி அசைச்சாச்சு, நாப்பது அம்பது பேரு கெளம்பியாச்சு. பாளையங்கோட்ட தாண்டுததுக்குள்ள இந்தப் பய நேரா என் முன்னால வந்து நிப்பான். எனக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு மொழம் இருக்கும், அவ்வளவுதான் எடவெளி. நான் வலது பக்கம் போனா அவனும் வலது பக்கம் வாரான். எடது பக்கம் போனா அவனும் எடது பக்கம். மெதுவா மிதிச்சா அவனும் மெதுவா. எனக்கு ரோடே தெரியாது தம்பி. அம்பது மைலுக்கும் அவன் முதுகுதான் தெரியும். அந்தப் பனியன்ல எத்தன ஓட்டைன்னு இப்பமும் சொல்லுவேன். ஏழு.

இதுல மைலுக்கு ஒரு தரம் திரும்பிப் பாப்பான். பயம்! நான் எங்க முந்திருவனோன்னு பயம். நான் கொஞ்சம் பின்னால போயிட்டா ஒடனே அவனும் மிதிக்கத விட்டுருவான், நான் பக்கத்துல வாரவரைக்கும். பூனை எலியோட வெளையாடும்லா, அந்த மாதிரி.

ஆனா கடவுள்னு ஒருத்தர் இருக்காருல்லா. வடசேரியில கொடி தெரியும் பாருங்க, அந்த எடம் வந்ததும் பய தளந்துருவான். புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்கும், தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு ஓரமா ஒதுங்குவான். நான் எந்திரிச்சு நின்னு நாலு மிதி. அவ்வளவுதான், கப்பு நமக்கு. அம்பத்தேழு, அம்பத்தெட்டு, அம்பத்தொம்பது. மூணு வருஷமும் அப்படித்தான். அவன் அம்பது மைலும் மறிச்சு மறிச்சே சீவனத் தொலைச்சுருவான். நமக்குப் பாருங்க, எறங்கும்போது வேர்வ கூட பெருசா இருக்காது. ஒடம்பு வாகு அப்படி. மாலையப் போட வந்த ஒரு பெரிய மனுசன், "இவர் வண்டியிலதான் வந்தாரா, கார்ல வந்தாரா"ன்னு கேட்டாரு.

முதலாளிக்கு என் மேல எவ்வளவு நம்பிக்கைன்னா, அந்தக் காலண்டர் படம் இருக்குல்லா, மாலையும் கப்புமா, அத பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னாலயே எடுத்துட்டாரு. சத்தியமா. சிவகாசியில அச்சடிச்சு பண்டலு கூட வந்து எறங்கிட்டு. இன்னும் பந்தயமே நடக்கல! "முதலாளி, நான் தோத்துட்டா?"ன்னேன். "நீ எப்படிலே தோப்ப, நான் ஏற்பாடு பண்ணாமலா அச்சடிப்பேன்"னாரு. கண்ணுல தண்ணி வந்துட்டு எனக்கு. பெத்த அப்பன் கூட அப்படி நம்பினது இல்ல.

என்ன பாக்கிய? நம்ப மாட்டியளா? அந்தக் காலண்டர் வீட்டுல இருக்கு. வேணும்னா காட்டுதேன்.

அம்பத்தெட்டுல நடந்தது இன்னும் அநியாயம். வள்ளியூர்ட்ட என் முன் டயரு பஞ்சர். டப்புன்னு ஒரு சத்தம். சவரி திரும்பிப் பாத்தான். நேரா போக வேண்டியதுதான? போகல. எறங்கி வந்து, அவன் சைக்கிள என் கையில தந்து, "ஏறிப் போ"ன்னுட்டான். சரின்னு ஏறுனா, அவன் சீட்டு என் சீட்ட விட ரெண்டு இஞ்சு ஒசரம்! எப்படி இருக்கு தந்திரம்? காலு எட்டாம நான் நொண்டணுமாம். நான் விடல. எட்டி எட்டி மிதிச்சேன். சரி, தொலைஞ்சான், இனிமேலாவது ரோட்டப் பாக்கலாம்னு நெனச்சா, பணகுடி தாண்டல, பின்னால இருந்து ஒரு சத்தம். இவன்தான்! பஞ்சர ஒட்டி, காத்தடிச்சு, ரெண்டு மைலு பின்னால கெடந்தவன் வெரட்டிப் பிடிச்சு வந்து, மறுபடியும் நேரா என் முன்னால. எப்பேர்ப்பட்ட வஞ்சம் இருந்தா ஒரு மனுசன் அந்தப் பாடுபடுவான், நீங்களே சொல்லுங்க.

காத்தா? ஆரல்வாய்மொழிக் காத்தா?

நல்லாக் கேட்டிய. எல்லாரும் ஆரல்வாய்மொழிக் காத்து, ஆடிக் காத்துன்னு பயமுறுத்துவாங்க. ரெண்டு மலைக்கு நடுவுல இருந்து வரும், ஆளத் தூக்கிரும், மாட்டு வண்டியையே சாய்ச்சிரும்னு. நான் சொல்லுதேன் கேளுங்க, அந்த மூணு வருஷமும் அங்க காத்தே கெடையாது. ஒரு பொட்டுக் காத்து இல்ல. ஆமா, மரம் ஆடும், புழுதி பறக்கும், மத்தவன்லாம் ரோட்டோரமா எறங்கி உருட்டிக்கிட்டு வருவான். எனக்கு ஒண்ணும் தெரியல. அதத்தான் சொல்லுதேன், பழக்கமில்லாதவனுக்குத்தான் காத்து.

தம்பி, நீங்க படிச்சவங்க. முன்னால போறவன் காத்த வாங்கிக்கிடுவான், பின்னால வாரவனுக்குப் பாதி பாரம் கொறஞ்சிரும்னு சொல்லுதிய. என் வீட்டுக்காரியும் ஒருநா இதத்தான் சொன்னா. "அவரு முன்னால போனா உங்க மேல காத்துப் படாதுல்லா?"ன்னா. சோத்துல உப்பு இல்ல, அதப் பாருன்னேன். உங்களயும் அப்படிச் சொல்ல முடியாது. காத்தாடிக்கு அது சரியா இருக்கும். அது நின்ன எடத்துல நிக்கித சாமான். சைக்கிளு ஓடுத சாமான்லா.

இருங்க, முழுசாச் சொல்லிருதேன். அறுபதாம் வருஷம் பந்தயத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது நான் முதலாளிட்ட நேராப் போய் நின்னேன். "ஒண்ணு சவரி இருக்கணும், இல்ல நான் இருக்கணும். அவன் மறிக்காம இருந்தா நான் அர மணி நேரம் முன்னாலயே போய்ச் சேந்துருவேன். அவனால என் பேரே கெட்டுப் போச்சு"ன்னேன். முதலாளி கணக்கு நோட்ட மூடி வச்சாரு. "யோசிச்சுச் சொல்லுலே. மரத்த வெட்டிட்டு நெழலுக்கு எங்க போவ?"ன்னாரு. சைக்கிளப் பத்திப் பேசுனா மனுசன் மரத்தப் பத்திப் பேசுதாரு. வயசாயிட்டுன்னு நெனச்சுக்கிட்டேன். நான் பிடிச்ச பிடியில நின்னேன். மதுரையில ஒரு கம்பெனிக்காரன் கூப்பிடுதான்னு ஒரு பொய்யையும் சேத்துச் சொன்னேன். கடைசியில சவரிய நிப்பாட்டிட்டாரு.

பய வந்து சண்ட போடுவான்னு பாத்தேன். போடல. போகும்போது என்ட்ட வந்து, "பணகுடி தாண்டுனா தலையக் குனிஞ்சுக்கோ குத்தாலம்"னான். ஜெயிக்கவன் எதுக்குத் தலையக் குனியணும்?

அறுபது ஆடி. கொடி அசைச்சாச்சு. ஆகா, தம்பி, முன்னால ஒருத்தனும் இல்ல! மொத தடவையா ரோட்டப் பாக்கேன். புளியமரத்தப் பாக்கேன், கொளத்தப் பாக்கேன், நாங்குநேரியில சனங்க கையத் தட்டுது. எல்லாரையும் விட்டுட்டுப் பறந்தேன். வள்ளியூர்ல கொஞ்சம் தொட வலிச்சுது. டீக்கடை போண்டா ஒத்துக்கிடலன்னு நெனச்சேன். பணகுடி தாண்டுனேன் பாருங்க.

அந்த வருஷம்னு பாத்து காத்து வந்துட்டு.

என் தலையெழுத்து. மூணு வருஷம் சும்மா கெடந்த காத்து எனக்குன்னே வந்த மாதிரி. காதுக்குள்ள ஓங்குன்னு சத்தம். மிதிக்கேன், மிதிக்கேன், சைக்கிளு நின்ன எடத்துலயே நிக்கி. பக்கத்துல ஒரு மைல்கல்லு இருந்துது, நாகர்கோவில் பதினஞ்சுன்னு. அந்தப் பதினஞ்ச எவ்வளவு நேரம் பாத்தேங்கிய! ஒருத்தன் தாண்டுனான். இன்னொருத்தன் தாண்டுனான். தோவாளையில பூக்கூடையக் கட்டிக்கிட்டு தெனமும் இந்த ரோட்டுல போற ஒருத்தன், கேரியர் கூட கழட்டாம வந்தவன், அவனும் தாண்டிப் போறான். ஆறு பேரு.

அப்பம் பின்னால ஒரு பழைய சைக்கிளு லொட லொடன்னு வாரது கேட்டுது. பாத்தா சவரி! யார்ட்டயோ எரவல் வாங்குன வண்டி. கம்பெனி இல்ல, சம்பளம் இல்ல, சொந்தமாப் பேரு குடுத்து வந்திருக்கான். என் பக்கத்துல வந்தான், ஒரு பார்வ பாத்தான், தாண்டிப் போகல. நேரா என் முன்னால வந்து நின்னுக்கிட்டான். திரும்பிப் பாத்து, "பின்னால ஒட்டிக்கோ குத்தாலம்"னு சத்தம் போடுதான்.

எப்படி இருக்கும் எனக்கு? வேலைய விட்டு எடுத்தும் மறிக்க வந்துட்டானே! விடக்கூடாதுன்னு வலது பக்கமா வெட்டி ஒடிச்சு வெளிய வந்தேன். வந்தேன், அவ்வளவுதான் தெரியும். காத்து பக்கவாட்டுல ஒரே அறை. சைக்கிளு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், உடைமரத்து முள்ளுக்குள்ள கெடக்கேன்.

சவரி போயிருக்கணும்லா? வண்டியப் போட்டுட்டு ஓடி வந்தான். முதுகுல இருந்த முள்ள ஒண்ணொண்ணாப் பிடுங்குனான். என் சைக்கிள் முன் சக்கரத்த ரெண்டு முட்டுக்கும் நடுவுல இடுக்கி, கோணிப் போன ஹேண்டில் பார நிமித்துனான். "ஏறு, நான் முன்னால போறேன், இன்னும் பிடிச்சிரலாம்"னான். விழுந்து கெடக்கவன்ட்ட வந்து, நான் முன்னால போறேங்கான்! திமிரப் பாத்தியளா? ஏற மாட்டேன்னுட்டேன். சரின்னு அவனும் பக்கத்துல உக்காந்துட்டான். கம்பெனி வேன் வாரவரைக்கும் எந்திரிக்கல. அவன் உக்காந்தது கூட எனக்கு மேக்கால, காத்து வார பக்கமா. நான் யாரப் பாத்துரக் கூடாதுன்னோ, என்ன கருமமோ.

கப்பு அந்தப் பூக்காரனுக்குப் போச்சு. அடுத்த காலண்டர்ல முதலாளி முருகன் படத்தப் போட்டுட்டாரு. பந்தயமும் அதோட நின்னுட்டு. நான் அவரு கடையிலயே பில்லு போட உக்காந்து, முப்பது வருஷம் ஓடிப் போச்சு. சவரி ஆரல்வாய்மொழியில சைக்கிள் ரிப்பேர்க் கடை வச்சான். வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு ஒரு டப்பா முந்திரிக்கொத்துப் பலகாரம் குடுத்து விடுவான். குத்தமுள்ள நெஞ்சுல்லா. தப்பு பண்ணாதவன் எதுக்கு முப்பத்தஞ்சு வருஷமா முந்திரிக்கொத்து குடுத்து விடணும்? தின்னுருவேன். அது வேற விஷயம்.

இப்பம் அவன் மக பிலோமினா லெட்டர் போட்டிருக்கா. சவரிக்கு நெஞ்சுல சளி கட்டி ரொம்ப முடியாமக் கெடக்கானாம். டாக்டர் கைய விரிச்சுட்டாராம். என்னயப் பாக்கணும்னு கேக்கானாம். அதான் கெளம்பிட்டேன். எனக்கு அவன்ட்ட ஒரே ஒரு வார்த்த வேணும் தம்பி. "ஆமா குத்தாலம், நான் மறிச்சேன்." அத மட்டும் அவன் வாயால சொல்லிட்டான்னா போதும், மத்ததெல்லாம் மன்னிச்சிருவேன். இந்தப் பையில என்ன இருக்குங்கிய? அம்பத்தெட்டாம் வருஷத்துக் கப்பு. அவன் முன்னால வச்சுக் கேக்கப் போறேன்.

சொல்லுவான். சொல்லணும். இத்தன வருஷமா அந்த ஒண்ணத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். சொல்லலன்னா, வேற ஏதாவது சொல்லிட்டான்னா, இந்தக் கப்பு யாருதுன்னு ஆயிரும்? உங்கட்ட சொல்லுததுக்கு என்ன, பயமாத்தான் இருக்கு. ரெண்டு நாளா ஒறக்கம் இல்ல.

அந்த லெட்டர வாசிக்கேன் கேளுங்க, சாகக் கெடக்கும்போதும் பயலுக்கு நக்கல் போகல. "மாமாவுக்கு வணக்கம்." இது அவ எழுதுனது. அப்புறம் ஒடம்பு விஷயம். கடைசியில பாருங்க. "ஆடி மாதம் காற்று அதிகமாக இருக்கிறது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வேண்டாம், யாரையாவது அந்தப் பக்கம் உட்காரச் சொல்லுங்கள், உங்களுக்குக் காற்று ஆகாது என்று அப்பா சொல்லச் சொன்னார்கள்."

எனக்குக் காத்து ஆகாதாம். மூணு கப்பு வாங்குனவனுக்கு!

முப்பந்தல் வந்துட்டு போல. உங்க காத்தாடியெல்லாம் என்னா சுத்து சுத்துது. அம்மாடி, பஸ்ஸே ஆடுது. இந்த ஷட்டர் வேற. தம்பி, கொஞ்சம் முன்னால சாஞ்சுக்கிடுங்க. அந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு, இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே இருங்க. இப்பம் காத்தே இல்ல.

என்ன?

நீங்க ஒண்ணும் சொல்லலயா? நான்தான் சொன்னேனா?

இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க வெளிய பாருங்க, என் மொகத்தப் பாக்காதிய. கண்ணுல ஏதோ விழுந்துட்டு. காத்துதான். சரி, காத்து இல்ல. தூசின்னு வச்சுக்கிடுங்க.

ஏழு ஓட்டை தம்பி அந்தப் பனியன்ல. நாலு முட்டையும் பத்தாமத்தான் இருந்திருக்கும் அவனுக்கு.

ஆரல்வாய்மொழி வந்துட்டா? கண்டக்டர், கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க, வயசான ஆளு. பைய நானே வச்சுக்கிடுதேன். கப்ப வெளிய எடுக்க மாட்டேன்னுதான் நெனைக்கேன். போய்ப் பாப்போம். எறங்குனா காத்து நேரா அடிக்கும் போல இருக்கு. சர்ச்சுக்குப் பின்னால மூணாவது வீடு அவனுக்கு, உங்க ரூமும் அந்தப் பக்கந்தானா? நல்லதாப் போச்சு.

நீங்க முன்னால போங்க தம்பி. மெதுவாப் போங்க. நான் பின்னாலயே ஒட்டிக்கிடுதேன். அப்பப்பம் ஒருக்கத் திரும்பிப் பாத்துக்கிடுங்க, நான் வாரேனான்னு.